நான்கு பக்கக் கடிதம், மனைவிக்கு ஒரே ஒரு வரி

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு தம்பி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் இன்னாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 33. கோவையில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர். ஒன்பது வருடமாக ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், சம்பளம் 31,000 ரூபாய். தாத்தா 1970களில் இலங்கையில் அட்டன் பக்கமிருந்து தாயகம் திரும்பி, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலையில் உரமும் பறிகூலியும் போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறார்.

கோவையில் ஒரு ஏஜென்ட், 14 லட்சம் கொடுத்தால் கனடாவில் வேலை ஆணை, அதை வைத்துக் குடும்பத்துக்கே பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி என்று சொல்லியிருக்கிறார். முன்பணம் 40,000 கட்டியாகிவிட்டது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் ஏஜென்ட் கையில்தான் இருக்கிறது. "தேயிலை அனுபவம் அங்கே எடுபடாது, வேறு கம்பெனி பெயரில் சர்டிபிகேட் போட்டுத் தருகிறேன், எதுவும் சரிப்படாவிட்டால் விசிட்டர் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று தைரியமும் சொல்லியிருக்கிறார். மீதிப் பணத்துக்குத் தோட்டத்தை அடமானம் வைப்பதா, விற்றுவிடுவதா என்பதுதான் தம்பியின் கேள்வி.

இதற்கிடையில் டொராண்டோவில் இருக்கும் அத்தை மகன், எம்.இ. படித்தவர், அங்கே லாரி ஓட்டுகிறார். "உன் ஃபேக்டரி அனுபவத்தை இங்கே யாரும் மதிக்கமாட்டார்கள்" என்று அவர் சொன்னது தம்பியின் மனதை அரிக்கிறது. அந்த அனுபவம் என்ன என்று காட்ட, இலை வரத்து உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரையர் ஃபேனின் பேரிங் போனதையும், அதைச் சமாளித்த விதத்தையும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். வருகிற மார்ச்சில் ஃபேக்டரி மேனேஜர் ஓய்வு பெறுகிறாராம், அவர் போனபிறகு அங்கே பிடிப்பில்லை என்கிறார். கடைசியில் ஒரு வரி: "மனைவி வயது 28, பி.எஸ்சி. நர்சிங், குன்னூரில் தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம். அவளும் நான்கு வயது மகளும் டிபெண்டன்ட்டாக வருவார்கள்." பிறகு, "தாத்தா ஒன்றுமில்லாமல் கடல் தாண்டி வந்து பிழைக்கவில்லையா? நானும் பிழைத்துக்கொள்வேன்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: அடமானமும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம். போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனடாவில் பதினோரு வருடம் இருந்துவிட்டுக் குன்னூர் திரும்பியவன் நான். முதல் ஒன்றரை வருடம் வேலை தேடி அலைந்தேன். பிற்பாடு ஒரு உணவுத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்து, என்னைப் போல வந்தவர்களின் ரெஸ்யூமேக்களைப் படித்தேன். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் பாஸ்போர்ட். இந்த வாரமே கோவைக்குப் போய் அதை வாங்கி வாருங்கள். 1967ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. தனியார் ஒருவர் அதைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. நீங்கள் இருக்கும் கட்டத்தில் ஸ்கேன் செய்த நகல் போதும். தர மறுத்தால், முன்பணம் கொடுத்த தேதியையும் பாஸ்போர்ட் கொடுத்த தேதியையும் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் போலீசில் புகார் கொடுங்கள். சண்டை போடத் தேவையில்லை. எழுத்தில் கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

விலைக்கு வரும் வேலை ஆணை

ஏஜென்ட் காட்டியது எல்.எம்.ஐ.ஏ. என்ற தாளாகத்தான் இருக்கவேண்டும். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசிடம் நிரூபித்து, வெளிநாட்டு ஆளை எடுக்க ஒரு கனடா முதலாளி வாங்கும் அனுமதி அது. ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர் கட்டணம். அதைக் கட்டவேண்டியவர் முதலாளி. வேலைக்கு வருகிறவரிடம் வசூலிக்கக்கூடாது என்பது விதி. நம் பணத்தில் 60, 65 ஆயிரத்துக்குள் முதலாளி கட்டவேண்டிய ஒன்றுக்கு உங்களிடம் 14 லட்சம் கேட்கிறார்கள்.

இந்தத் தாளுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்றால், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பி.ஆர். வரிசையில் வேலை ஆணைக்குக் கூடுதலாக 50 புள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது. சில உயர் பதவிகளுக்கு 200. காசுக்கு வேலை ஆணை விற்கும் வியாபாரம் பெருத்ததால் 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். அதாவது அந்தத் தாள் உண்மையானதாகவே இருந்தாலும், அது உங்களுக்கு பி.ஆர். வரிசையில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது. ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருக்காது.

நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் பதிவு செய்திருக்கவேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 35,400. நீங்கள் கட்டிய முன்பணமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது, கவனித்தீர்களா? பதிவு செய்தவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. கனடா பக்கத்திலும் காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுத் தர வக்கீல்களுக்கும், உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்களுக்கும்தான் அனுமதி உண்டு. ஆலோசகர்களின் பெயரை அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தட்டிப் பார்க்கலாம். உங்கள் ஏஜென்ட்டை இரண்டிலும் தேடிப் பாருங்கள். அரசு வழியாகவே போக நினைப்பவர்களுக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

விசிட்டர் விசா யோசனை காலாவதியான சரக்கு. கொரோனா காலத்தில், சுற்றுலா போனவர்கள் அங்கிருந்தபடியே வேலை அனுமதிக்கு மாறத் தற்காலிகமாக ஒரு சலுகை கொடுத்தார்கள். 2024 ஆகஸ்ட் 28ஆம் தேதி அதை நிறுத்திவிட்டார்கள். பொய் அனுபவ சர்டிபிகேட் விஷயம் இதைவிட மோசம். கண்டுபிடித்தால் ஐந்து வருடத் தடை. கனடா அதிகாரிகள் அந்தக் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்கலாம். இல்லாத கம்பெனியில் போனை யார் எடுப்பது? உங்களிடம் ஒன்பது வருட உண்மையான அனுபவம் இருக்கும்போது அதை மறைத்துப் பொய்யை வைக்கச் சொல்லும் ஆளிடம் குடும்பத்தின் கோப்பைக் கொடுக்கலாமா?

தோட்டம்

"போய் இறங்கக் கையில் பணம் காட்டவேண்டும், அதற்காவது தோட்டம் உதவாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவாது. 2025 ஜூலை நிலவரப்படி மூன்று பேர் குடும்பம் 23,360 கனடா டாலர் காட்டவேண்டும், ஏறக்குறைய ஏஜென்ட் கேட்கும் அதே தொகை. ஆனால் அது கடன் வாங்கிய பணமாக இருக்கக்கூடாது. நிலத்தின் மதிப்பையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். உங்கள் பெயரில், கையில் எடுக்கக்கூடிய பணமாக இருக்கவேண்டும். அடமானம் வைத்து வாங்கிய பணத்தைக் காட்டினால், வட்டியும் கட்டுவீர்கள், விண்ணப்பமும் விழும். தவிர, தோட்டம் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் மனசார ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பேச்சே எழக்கூடாது. பறிக்க ஆள் இல்லை என்றால் குத்தகைக்கு விடுங்கள்.

தாத்தாவைப் பற்றி ஒன்று. அவர் ஒன்றுமில்லாமல் வந்தார் என்பது பாதிதான் உண்மை. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் மலையகத் தமிழர்கள் தாயகம் திரும்புவது பற்றிப் போட்ட ஒப்பந்தம் அவருக்குப் பின்னால் இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தது. இந்த மலையில் டான்டீ தோட்டங்களே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் போடப்பட்டன. அவ்வளவு இருந்தும், வேலை வாங்கித் தருகிறேன் என்று வந்த இடைத்தரகர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பேப்பர் இல்லாமல் கப்பல் ஏறவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

கோப்பில் முதல் பெயர் யாருடையது?

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ட்ரையருக்கு அரைப் பக்கம் கொடுத்த நீங்கள் மனைவிக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வெளிநாட்டு வேலைச் சந்தையில் அதிகம் தேவைப்படும் ஆள் அவர்தான். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கலாம். பரவாயில்லை.

கணக்காகவே பார்ப்போம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் முதல் விண்ணப்பதாரராக இருக்கலாம். வயதுக்கான புள்ளி, துணையோடு போகிறவருக்கு 29 வயது வரை 100. 33 வயதில் அது 80. இருவரும் இளநிலைப் பட்டம்தான், இருவருக்கும் மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம். ஆங்கிலத் தேர்வில் இருவரும் நன்றாக எழுதினால், அதாவது ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் கேட்பதற்கு 8, மற்ற மூன்றுக்கும் 7 வாங்கினால், நீங்கள் முன்னால் நின்றால் மொத்தப் புள்ளி 410ஐ ஒட்டி வரும். அவர் நின்றால் 430ஐ ஒட்டி. இரண்டுமே போதாது. கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை அந்த வரிசையிலிருந்து எடுக்கும் சுற்றுகளே சமீப காலமாக 500க்கு மேல்தான் நிற்கின்றன. வருடத்துக்கு எத்தனை பேரை எடுப்பது என்ற இலக்கையும் 2024இல் 4,85,000 என்று இருந்ததை 2025க்கு 3,95,000 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

அப்படியானால் வழி என்ன? 2023 முதல் சில தொழில்களுக்குத் தனியாக ஆள் எடுக்கும் சுற்று நடத்துகிறார்கள். அதில் சுகாதாரத் துறைக்கென்று ஒரு பிரிவு உண்டு, அங்கே தேவைப்படும் புள்ளி பெரும்பாலும் குறைவு. இன்னொன்று மாகாணப் பரிந்துரை. ஒரு மாகாணம் "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று பெயர் கொடுத்தால் ஒரேயடியாக 600 புள்ளி சேரும். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லும் மாகாணத்தை நான் பார்த்ததில்லை.

சும்மா கிடைத்துவிடாது. பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க என்கிளெக்ஸ் என்ற தேர்வு எழுதவேண்டும். அதை இந்தியாவிலேயே எழுதலாம். படிப்பையும் பதிவையும் அங்குள்ள அமைப்பு சரிபார்க்கும். அதற்குக் கல்லூரியிலிருந்தும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலிருந்தும் காகிதங்கள் நேராகப் போகவேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இதுதான். நோவா ஸ்கோஷியா மாகாணம் 2023இல் இந்தியா உட்படச் சில நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு இந்தச் சுற்றுப்பாதையைக் குறைத்துவிட்டது. டொராண்டோவையே நினைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜெர்மனி இன்னொரு கதவு, அவருக்கு அது இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. நர்ஸ் தேவை அங்கே கடுமை. 2024 அக்டோபரில் இந்தியத் திறனாளர்களுக்கான விசா எண்ணிக்கையை வருடத்துக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். நேர்மையாக ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கென்று அரசு முத்திரை ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த முத்திரை உள்ளவர்கள் நர்ஸிடம் ஒரு காசு வாங்கக்கூடாது, செலவு முதலாளியுடையது. விலை பணமாக இல்லை, மொழியாக இருக்கிறது. ஜெர்மன் பி2, அதாவது வேலையிடத்தில் தடையின்றிப் பேசும் நிலை வரை தேறவேண்டும். கோவையில் கோதே சென்ட்ரம் இருக்கிறது, ஆன்லைன் வகுப்பும் உண்டு. நைட் டியூட்டியும் பார்த்துக்கொண்டு படித்தால் ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். போன பிறகும் நம் படிப்புக்கும் அவர்கள் படிப்புக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு பயிற்சிக் காலமோ தேர்வோ இருக்கும். அதுவரை உதவியாளர் நிலையில் வேலை. வீடும் வருமானமும் அமைந்த பிறகு நீங்களும் குழந்தையும் போகலாம், உங்களுக்கும் வேலை செய்ய அனுமதி கிடைக்கும்.

இதையெல்லாம் நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சம்பந்தப்பட்டவர் இன்னும் இந்தப் பேச்சில் வரவே இல்லை. அவரைக் கேளுங்கள். கேட்பது என்றால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து "நீ முன்னால் போறியா" என்று கேட்பதில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள். பரீட்சை எழுதப்போவது அவர், இராத்திரி டியூட்டிக்குப் பிறகு மொழி படிக்கப்போவது அவர், ஜெர்மனி என்றால் நான்கு வயதுக் குழந்தையைச் சில மாதம் பிரிந்து இருக்கப்போவதும் அவர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. சரி என்றால், அவர் படிக்கும் ஒன்றரை வருடம் சமையலும் குழந்தையும் யார் பொறுப்பு என்பதை அன்றைக்கே பேசி முடியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தத் திட்டம் உடைவது அங்கேதான். தூதரகத்தில் உடைவது குறைவு.

உங்கள் வேலையை அவர்கள் பாஷையில்

அவர் பெயரில் போனாலும் உங்களுக்கும் அங்கே வேலை வேண்டும். அத்தை மகன் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். "தேயிலை ஃபேக்டரி" என்று எழுதினால் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனால் நீங்கள் பார்ப்பது உணவுத் தொழிற்சாலை மெயின்டனன்ஸ். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் லைன், கன்வேயர், கியர்பாக்ஸ், சி.டி.சி. ரோலர், ஃப்ளூயிட் பெட் ட்ரையர், நின்றால் வீணாகும் சரக்கு. உருளைக்கிழங்கு பதப்படுத்தும் ஆலையிலும் இறைச்சி ஆலையிலும் அன்றாடம் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

கனடாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த வகைப்பாட்டை என்.ஓ.சி. என்பார்கள் (நம்மூரில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே தாலுகா ஆபீஸ் ஞாபகம் வரும், அது வேறு, இது வேறு). மெக்கானிக்கல் இன்ஜினியர் 21301. தொழிற்சாலை இயந்திரங்களைப் பொருத்திப் பராமரிக்கும் மில்ரைட் 72400. இரண்டின் பணி விவரத்தையும் அரசு தளத்தில் படித்துப் பாருங்கள். நீங்கள் தினமும் செய்வது இரண்டாவதற்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பி.இ. படித்துவிட்டு மில்ரைட்டா என்று முகம் சுளிக்காதீர்கள். இன்ஜினியர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்டு தொழில் செய்ய அங்கே மாகாண உரிமம் வேண்டும். ஒன்டாரியோவில் 2023 முதல் அந்த உரிமத்துக்குக் கனடா அனுபவம் கட்டாயமில்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆனாலும் காலம் பிடிக்கும். மில்ரைட் வேலைக்கு ரெட் சீல் என்ற நாடு முழுதும் செல்லும் தகுதி இருக்கிறது. வேலை செய்த மணிக்கணக்கை ஆதாரத்தோடு காட்டினால் நேரடியாகப் பரீட்சை எழுதலாம். உள்ளே நுழைந்த பிறகு இன்ஜினியர் உரிமத்துக்குப் போங்கள்.

ரெஸ்யூமேயில் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா என்பது எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். நான் கொண்டுபோனது நான்கு பக்கம். தாய்மொழி தமிழ், பொழுதுபோக்கு கிரிக்கெட் வரை எழுதியிருந்தேன். ஐந்து மாதம் ஒரு போன் வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தீர்கள், எவ்வளவு, அதனால் என்ன ஆனது என்பது இருக்கட்டும். நாளுக்கு எத்தனை கிலோ இலை, எத்தனை மோட்டார், உங்கள் கீழ் எத்தனை பேர் என்று எண்ணால் பேசுங்கள்.

இன்டர்வியூவில் நம்மவர்கள் தோற்பது ஆங்கிலத்தால் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை "நாங்கள்" என்ற சொல்லால்தான் அதிகம் தோற்கிறார்கள். என் முதல் இன்டர்வியூவில் ஒவ்வொரு பதிலையும் "நாங்கள் செய்தோம்" என்றே சொன்னேன், அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. எதிரே இருந்த அம்மா மூன்றாவது தடவை, "சரி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்தப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு பேரிங் போனது, பழைய ஃபேனிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்தி நான்கு மணிக்குள் ஓட விட்டது, மறுவாரத்திலிருந்து பேரிங் சூட்டை அளந்து நோட்டில் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தது, அடுத்த இரண்டு சீசனும் ட்ரையர் நிற்காதது. இதை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். ஆள் எடுக்கும் மேசையில் இருந்த வருடங்களில் இவ்வளவு சுத்தமான பதிலை நான் அதிகம் கேட்டதில்லை.

வேலைகளில் கணிசமானவை விளம்பரத்துக்கு வருமுன்பே முடிந்துவிடும். அதனால் லிங்க்ட்இன்னில் அந்தத் துறை ஆட்களைத் தேடி, வேலை கேட்காமல் இருபது நிமிடப் பேச்சு மட்டும் கேளுங்கள்: உங்கள் ஆலையில் மெயின்டனன்ஸ் ஆளிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்த சர்டிபிகேட்டை மதிக்கிறீர்கள். பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு பேர் பேசுவார்கள். அது போதும். அங்குள்ள ஈழத் தமிழர்கள் வீடு பிடிக்க, முதல் மாதத்தை ஓட்டப் பெரிய உதவியாக இருப்பார்கள். உங்கள் தொழிலில் நுழைய அந்த வட்டத்துக்கு வெளியே ஆள் வேண்டும். பி.ஆர். உறுதியானவர்களுக்குக் கனடா அரசு செலவில் இலவச வேலை வழிகாட்டல் உண்டு, விமானம் ஏறும் முன்பே தொடங்கலாம். இதைத்தான் பலர் ஏஜென்ட்டிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஊரையும் யோசியுங்கள். உணவு ஆலைகள் எல்லாமே டொராண்டோவில் இல்லை. ஆல்பர்ட்டாவில் லெத்பிரிட்ஜ், ஒன்டாரியோவில் குவெல்ஃப், நியூ பிரன்ஸ்விக்கின் உருளைக்கிழங்குப் பகுதி என்று சின்ன ஊர்களிலும் நிறைய இருக்கின்றன. ஆஸ்பத்திரிகளும் அங்கேதான் நர்ஸ் இல்லாமல் தவிக்கின்றன. ஐந்து மணிக்கு மேல் பஸ் இல்லாத ஊரில் வளர்ந்தவர் நீங்கள், சின்ன ஊர் உங்களைப் பயமுறுத்தாது.

அத்தை மகனை நான் குறை சொல்லமாட்டேன். வாடகை கட்ட முதலில் கிடைத்த வேலையைப் பிடிப்பது வெட்கமில்லை. நானும் எட்டு மாதம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். லாரியில் வருமானம் நன்றாகவே வரும். சிக்கல் எங்கே என்றால், பகல் முழுதும் சாலையில் இருப்பவர் இன்டர்வியூவுக்கு எப்போது போவார்? அப்படி ஒரு வேலை எடுக்க நேர்ந்தால் இரவு ஷிப்ட் கேளுங்கள், பகலை வேலை தேடலுக்கு வையுங்கள், எத்தனை மாதம் என்று முதலிலேயே மனைவியோடு பேசி ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். "கனடா அனுபவம் இருக்கிறதா" என்ற கேள்வியை அவர் நிறையச் சந்தித்திருப்பார். ஒன்டாரியோவில் 25 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் விளம்பரத்தில் அதைக் கேட்கக்கூடாது என்ற சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விளம்பரத்திலிருந்து எடுத்துவிடலாம், மேனேஜர் மனசிலிருந்து எடுக்க நாளாகும். ஆனாலும் அவர் தன் ரெஸ்யூமேயைத் தூசி தட்டி மறுபடி முயல நல்ல நேரம் இது, சொல்லுங்கள்.

கடைசியாக, மார்ச். ஆங்கிலத் தேர்வை இப்போதே எழுத அவசரப்படாதீர்கள். அதன் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், மனைவியோடு பேசி வழியைத் தீர்மானித்த பிறகு எழுதலாம். அனுபவக் கடிதத்தைத்தான் தள்ளிப்போடக்கூடாது. மேனேஜர் ஓய்வு பெறுவதற்கு முன் ஃபேக்டரி லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள்: சேர்ந்த தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்யும் வேலைகளின் பட்டியல், கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தொடர்பு எண். "நன்னடத்தை உள்ளவர், வாழ்த்துகிறோம்" என்று இரண்டு வரியில் முடித்துத் தருவார்கள். அது உதவாது, நீங்களே வரைவு எழுதிக் கொண்டுபோங்கள். மனைவியும் ஆஸ்பத்திரியில் இதேபோல ஒன்று கேட்கட்டும், எந்த வார்டில் எத்தனை வருடம் என்பது உட்பட. உங்கள் வரைவில் அந்த ட்ரையர் விஷயத்தையும் ஒரு வரி சேருங்கள். மேனேஜர் அதை அடிக்கமாட்டார். அந்த ராத்திரி இரண்டு மணிக்கு அவரையும்தானே எழுப்பினீர்கள்.